கணுக்கால் யார் பேச்சைக் கேட்க வேண்டும்?

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் மாமாவுக்கு இனிப்புநீரால் முழங்காலுக்குக் கீழே கால் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவர் போட்டிருப்பது சாதாரண கார்பன் செயற்கைப் பாதம். மிதித்தால் வளைந்து, மிதித்த சக்தியில் கொஞ்சத்தைத் திருப்பித் தரும், சொந்தமாக எதையும் சேர்க்காது. கெண்டைச்சதை தரும் உந்தல் இல்லாததால் அந்தப் பாடெல்லாம் இடுப்புக்கும் நல்ல காலுக்கும்தான். ஆனால் சார்ஜ் போடும் தொல்லை இல்லை.

அடுத்தது மோட்டார் வைத்த கணுக்கால். 1982இல் மலையேறப் போய்ப் பனியில் சிக்கி இரண்டு கால்களையும் இழந்த, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஹியூ ஹெர் தொடங்கிவைத்தது, பிறகு செயற்கைக் கால் செய்யும் ஓட்டோபொக் நிறுவனத்தின் கைக்குப் போய் எம்பவர் என்று பெயர் பெற்றது. அடி எடுக்கும்போது உண்மையாகவே பின்னாலிருந்து தள்ளிவிடும். நடைக்கு நல்லதுதான். ஆனால் மேல் அலமாரியில் இருக்கும் மைலோ டின்னை எட்ட மாமா குதிகாலைத் தூக்க நினைத்தால் அதற்கு எப்படித் தெரியும்? கோணத்தையும் பாரத்தையும் பார்த்து ஊகிக்கிறதே தவிர, அவர் நினைப்பு அதன் காதில் விழாது.

நரம்பு வழிக் கட்டுப்பாடு இந்தக் குறைக்குத்தான், அதிலும் இரண்டு விதம். மிஞ்சியிருக்கும் காலின் தோலில் மின்முனை ஒட்டி, தசை சுருங்கும் சிக்னலை நேராக மோட்டாருக்கு அனுப்புவது ஒன்று. வட கரோலினாவில் ஹெலன் ஹுவாங் குழு 2023இல் 5 பேரை வைத்து, நடக்கவே விடாமல், நிற்கும் நிலையைச் சோதித்தது: தள்ளாட வைக்கும்படி ஏதாவது நேர்ந்தால் சமாளிக்கிறார்களா, உடம்பை முன்னும் பின்னும் சாய்க்க முடிகிறதா என்று. முடிந்தது. எனக்கு இந்தச் சோதனைதான் பிடித்திருக்கிறது, ஏனென்றால் எல்ஆர்டி ரயில் பிரேக் போடும்போதும் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் யாராவது இடிக்கும்போதும்தான் மாமா தடுமாறுகிறார், நேர்ரோட்டில் அவர் நன்றாகவே நடப்பார்.

இன்னொன்று அறுவை. வழக்கமாகக் காலை எடுக்கும்போது எதிரெதிரான தசைகளின் தொடர்பு அறுந்துவிடும். இதில் இரண்டின் முனைகளையும் இணைத்துத் தைக்கிறார்கள், ஒன்று சுருங்கினால் மற்றது இழுபடும், பாதம் எங்கே இருக்கிறது என்று மூளைக்கும் சேதி போகும். 2024இல் வந்த எம்ஐடி ஆய்வில் இப்படித் தைத்த 7 பேரும் தைக்காத 7 பேரும் தசை சிக்னலைக் கேட்கும் ஒரே மாதிரிக் கணுக்காலைப் போட்டுப் பார்த்தார்கள், தைத்தவர்களின் அதிகபட்ச நடைவேகம் 41 சதவீதம் அதிகம். படியும் ஏறினார்கள். (பத்துமலையின் 272 படி மாதிரி இல்லை, ஆனாலும்.)

முடிவு வெளிப்படை என்று தோன்றும். ஆனால் நம் ஊர் வெயிலில் மத்தியானம் மாமா செயற்கைக் காலுக்குள் மாட்டும் உறையான லைனரைக் கழற்றினால் வேர்வை சொட்டும், துண்டால் துடைத்துவிட்டு மறுபடி மாட்டுவார். அந்த ஈரத்தில் மின்முனை வழுக்கினால் சிக்னல் மாறிப் போகும். அறுவை முறை ஏற்கெனவே கால் போனவர்களுக்கும் செய்யலாம் என்கிறார்கள், சரி, ஆனால் சுண்டுவிரல் புண் ஆறாமல் காலையே கொடுத்தவரிடம் போய் இன்னொரு முறை கத்தி வைக்கலாமா என்று நான் கேட்கப் போவதில்லை.