நாலரை ஆண்டு உழைத்த இங்க் டேங்க் பிரிண்டரும் நிரம்பிப்போன ஒரு பஞ்சும்

வீட்டுக்கு ஒரு பிரிண்டர் வாங்க வேண்டும், அச்சு, ஸ்கேன், நகல் மூன்றும் ஒன்றிலேயே இருக்க வேண்டும், கையைக் கடிக்கவும் கூடாது, எதை வாங்கலாம் என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். வேறொரு சமயத்தில் கேட்டிருந்தால், என்னிடம் இருப்பதையே வாங்குங்கள் என்று யோசிக்காமல் சொல்லியிருப்பேன். அவர் கேட்ட நாளில் என் பிரிண்டர் பழுதுபார்க்கும் இடத்திலிருந்து திரும்பி வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. அதன் மேலிருந்த கோபமும் ஆறவில்லை. அவரிடம் சுருக்கமாகச் சொன்னதை, நாலரை ஆண்டுப் பழக்கத்தில் தெரிந்துகொண்டவற்றோடு சேர்த்து இங்கே விரிவாக எழுதுகிறேன்.

என்னுடையது பாட்டிலிலிருந்து நாமே மை ஊற்றிக்கொள்ளும் நான்கு மைத்தொட்டிகளும் கண்ணாடிப் பலகை ஸ்கேனரும் வைஃபையும் கொண்ட சாதாரண இங்க் டேங்க் வகை. அடுக்கி வைத்த தாள்களை ஒவ்வொன்றாக இழுத்து ஸ்கேன் செய்யும் வசதியும், தாளின் இருபுறமும் தானாக அச்சிடும் வசதியும் இதில் இல்லை. வீட்டு வேலைக்கு இவை இல்லாதது எனக்குப் பெரிய குறையாகத் தெரிந்ததில்லை. எழுத்து தெளிவாக விழுகிறது, வேகம் போதுமானது, புகைப்படம் சுமார். வைஃபையில் மட்டும் ஒரு நாள் அலைக்கழித்தது. ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை இது பார்ப்பதே இல்லை, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் என்று புரிந்துகொண்ட பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது.

செலவைப் பொறுத்தவரை இதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இதற்கு முன், மை தீர்ந்தால் மைக்கூட்டையே மாற்ற வேண்டிய கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் வைத்திருந்தேன். அந்தச் சிறிய கார்ட்ரிட்ஜில் இருப்பது சில மில்லிலிட்டர் மைதான். பிரிண்டரை மலிவாகக் கொடுத்துவிட்டு மையில் பிடித்துக்கொள்ளும் வியாபாரம் அது என்பது இரண்டாவது கார்ட்ரிட்ஜ் வாங்கும்போதே எவருக்கும் விளங்கிவிடும். இங்க் டேங்க் வகைக்கான நிற மைப் பாட்டிலிலோ பெரும்பாலும் 65 முதல் 70 மில்லிலிட்டர் வரை இருக்கிறது. மகளின் பள்ளிக்கூட வேலைகள், படங்கள், பயிற்சித்தாள்கள் என்று எதையும் கணக்குப் பார்க்காமல் அச்சிட்ட நாலரை ஆண்டுகளில், கறுப்பு மையைத்தான் அடிக்கடி வாங்கினேன்.

இந்த இயந்திரத்தில் நான் எதிர்பாராத இன்பம் அதன் ஸ்கேனர். வாங்கும்போது அடையாள அட்டை நகல் எடுக்க உதவும் என்ற அளவுக்கு மேல் அதைப் பற்றி நினைத்ததில்லை. அப்பா மறைந்த பிறகு, அவர் அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள் ஒரு தகரப்பெட்டியில் கிடைத்தன. முதல் கடிதத்தைக் கண்ணாடியின் மேல் விரித்து 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவில் எடுத்தேன். ஒரு ஏ4 தாள் அந்த அளவில் 2480-க்கு 3508 புள்ளிகளாக விரியும். படிப்பதற்கு அது தாராளம். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த இரண்டு வரிகள் மட்டும் வெறும் கறையாகத் தெரிந்தன. அந்தப் பக்கத்தையே 600-க்கு உயர்த்தி எடுத்துத் திரையில் கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் கூட்டியபோது, "பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதா, உடனே எழுது" என்ற சொற்கள் ஒவ்வொன்றாக மேலெழுந்து வந்தன. அந்தப் பாப்பா நான்தான். காகிதத்தைக் கையில் வைத்துப் பலமுறை பார்த்தும் அம்மாவாலேயே படிக்க முடியாமல் போன வரி அது.

இந்த விலைப்பிரிவில் வரும் ஸ்கேனர்கள் பெரும்பாலும் தொடு உணரி வகையைச் சேர்ந்தவை. கண்ணாடியை ஒட்டியிருப்பதை மட்டுமே அவை கூர்மையாகப் பார்க்கும். சற்று மேலே தூக்கி நிற்பது மங்கிவிடும். தடித்த புத்தகத்தின் நடுப்பகுதி நிழலடித்து விழுவது இதனால்தான். மடிப்பு விழுந்த கடிதங்களுக்கும் அதே கதி என்பதால், மூடியின் மேல் ஓர் அகராதியை வைத்து அழுத்திக்கொண்டேன். அந்தச் சிறு சிரமம் தவிர, ஸ்கேனர் ஒருநாளும் என்னைக் கைவிடவில்லை. கைவிட வைத்தது வேறொன்று.

மை பீய்ச்சும் பிரிண்டர்களில் தலைமயிரைவிட நுண்ணிய துளைகள் வரிசையாக இருக்கின்றன. சில நாள்கள் அச்சிடாமல் விட்டால் அந்த முனைகளில் மை உலர்ந்து இறுகும். துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று பார்க்க அச்சிடும் சோதனைத்தாளான நாசில் செக்கைக் கொடுத்தால், படிக்கட்டுபோல் விழ வேண்டிய கோடுகளில் இங்கொரு படி, அங்கொரு படி காணாமல் போயிருக்கும். உடனே எல்லோரும் செய்வது ஹெட் கிளீனிங். பிரிண்டருக்குள் இருக்கும் சிறு பம்பு, துளைகள் வழியாக மையை உறிஞ்சி வெளியேற்றி அடைப்பை நீக்குகிறது. என் பிரிண்டரில் ஒரு நிறம் அடைத்தாலும் நான்கு நிறங்களையும் சேர்த்துத்தான் அது உறிஞ்சும். அப்படி வெளியேறும் நல்ல மை எங்கே போகிறது என்று நாலரை ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. அது இயந்திரத்தின் அடிவயிற்றில் இருக்கும் ஒரு பஞ்சுக்குப் போகிறது.

அந்தப் பஞ்சு எவ்வளவு நனைந்தது என்பதை இயந்திரம் தொட்டுப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கிளீனிங்குக்கும் இவ்வளவு என்று ஒரு கணக்கை எழுதிக்கொண்டே வருகிறது. கணக்கு எல்லையைத் தொட்டதும் வேலையை நிறுத்திவிடுகிறது. மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்கு மறுநாள் கடைசி நாள். இரவு பத்து மணிக்கு மதிப்பெண் சான்றிதழை ஸ்கேன் செய்ய உட்கார்ந்தபோது என் பிரிண்டர் அந்த எல்லையைத் தொட்டது. இரண்டு விளக்குகள் மாறி மாறிச் சிமிட்டின. எந்தப் பொத்தானுக்கும் அசையவில்லை. ஸ்கேன் செய்ய ஒரு சொட்டு மையும் தேவையில்லை. ஆனாலும் இயந்திரம் முழுவதும் பூட்டிக்கொண்டது. கைபேசியில் படம் எடுத்து ஒருவாறு அனுப்பி முடித்தோம். மூன்று வேலைகளை ஒரே பெட்டியில் அடைத்து விற்பவர்கள், ஒன்று நின்றால் மூன்றும் நிற்கும்படி அமைத்திருப்பதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. இப்படியொரு எல்லை உண்டு என்பது வாங்கிய அட்டைப்பெட்டியில் இல்லை, விளம்பரத்தில் இல்லை, விற்றவரும் சொல்லவில்லை.

பழுதுபார்த்தவர் என் கண்ணெதிரே பின்புற மூடியைக் கழற்றி அந்தப் பஞ்சை வெளியே எடுத்தார். உள்ளங்கை அகலத்தில் நான்கைந்து துண்டுகள். எல்லாம் கறுத்து, ஊறிப் பருத்து, தூக்கும்போது கனத்தால் தொங்கின. ஓரத்தில் மட்டும் நீலமும் மஞ்சளும் தனித்தனியாகத் தெரிந்தன. நான் பார்த்துப் பார்த்துத் தொட்டியில் ஊற்றிய மை அது. புதுப் பஞ்சு வைத்து, மென்பொருள் வழியாக அந்தக் கணக்கைச் சுழியத்துக்குக் கொண்டுவந்ததும் பிரிண்டர் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடத் தொடங்கியது. உடைந்த பாகம் என்று எதுவும் இல்லை.

என் பங்கையும் மறைக்கக் கூடாது. முதல் ஓராண்டு, வேலை முடிந்ததும் பிரிண்டரைச் சுவரில் இருக்கும் சுவிட்சில் அணைத்துவந்தோம். அதன் சொந்தப் பொத்தானில் அணைத்தால்தான் அச்சுத்தலை தன் இடத்துக்குப் போய், முனைகள் உலராதபடி மூடிக்கொள்ளும். மின்சாரத்தைத் திடீரென்று துண்டித்தால், வேலையின் நடுவே நிற்கும் தலை திறந்தபடியே கிடக்க நேரிடும். அந்த ஓராண்டில் எத்தனை கிளீனிங் அந்தப் பழக்கத்தால் வந்தது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். ஆனால் பொத்தானுக்கு மேல் ஒரு சிறு எச்சரிக்கையை ஒட்டியிருந்தால் இந்த வீணடிப்பு நேர்ந்திருக்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு பாட்டிலுக்கு இத்தனை ஆயிரம் பக்கம் என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பிக் கணக்குப் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிற இங்க்ஜெட்டுகளுக்கு ஐஎஸ்ஓ 24711 என்ற சர்வதேச அளவீட்டு முறை உண்டு. அதில் குறிப்பிட்ட மாதிரிப் பக்கங்களைத் தொடர்ந்து அச்சிட்டுப் பார்த்துத்தான் எண்ணிக்கையைக் காண்கிறார்கள். வீட்டில் யாரும் அப்படி அச்சிடுவதில்லை. பத்து நாள் சும்மா கிடக்கும், பதினோராம் நாள் மூன்று பக்கம் வேண்டும். அந்த மூன்று பக்கத்துக்கு முன் ஒரு கிளீனிங். ஆக, எவ்வளவு குறைவாக அச்சிடுகிறோமோ அவ்வளவுக்குப் பஞ்சு குடிக்கும் பங்கு கூடும். முதல் முறை ஊற்றும் மையிலும் ஒரு பகுதி குழாய்களை நிரப்புவதற்கே போய்விடும்.

எனவே நண்பரிடம் இரண்டே கேள்விகள் கேட்டேன். மாதத்தில் எத்தனை பக்கம், அதில் நிறம் எவ்வளவு? இருபது பக்கம் இருக்கலாம், நிறம் அநேகமாக இல்லை என்றார். அப்படியானால் மை பீய்ச்சும் வகையே வேண்டாம், ஸ்கேனரும் சேர்ந்த கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டராகப் பாருங்கள் என்றேன். லேசரில் மைக்குப் பதிலாக இருக்கும் டோனர் என்பது பொடி. ஆறு மாதம் தொடாமல் வைத்தாலும் உலர்வதற்கு அதில் ஈரம் இல்லை. வெப்பத்தால் உருக்கித் தாளில் ஒட்டவைப்பதால் எழுத்தின் மேல் தண்ணீர் பட்டாலும் கலையாது. சூடேறும்போது மின்சாரத்தை அதிகம் இழுக்கும், நிறம் கிடையாது, முதலில் கொடுக்கும் தொகையும் சற்றுக் கூடுதல். அவருடைய தேவைக்கு இவை பொறுக்கக்கூடியவை.

வாரம் தவறாமல் நிறத்தில் அச்சிடும் வீடாக இருந்தால் இங்க் டேங்க் சரிதான். ஆனால் கழிவு மைக்கான பெட்டியை நாமே கழற்றி மாற்றும்படி அமைந்த மாடலை மட்டும் வாங்குங்கள். இப்போது பல மாடல்களில் அது பராமரிப்புப் பெட்டி என்ற பெயரில் வருகிறது. பெரும்பாலும் ஓரிரு திருகாணியைக் கழற்றினால் போதும். மை தீர்ந்தால் ஸ்கேனர் இயங்குமா, கழிவுப் பெட்டி நிரம்பினால் இயங்குமா என்று வாங்கும் இடத்திலேயே கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் அந்த மாடலை விட்டுவிடுங்கள்.

என்னுடைய மாடலை வாங்கலாமா என்றால், வேண்டாம். மலிவான அச்சையும், அப்பாவின் பென்சில் வரியைப் படித்துக் கொடுத்த ஸ்கேனரையும் மறந்துவிட்டுச் சொல்லவில்லை. அவற்றை நினைத்துக்கொண்டேதான் சொல்கிறேன். அப்படியென்றால் உன்னுடையதை விற்றுவிடுவாயா என்று நண்பர் கேட்டார். விற்கப் போவதில்லை. தகரப்பெட்டியில் இன்னும் பாதிக் கடிதங்கள் இருக்கின்றன. நேற்றுக் காலை நாசில் செக் எடுத்தபோது மஞ்சளில் இரண்டு படிகள் விழவில்லை. கிளீனிங் கொடுக்காமல், பக்கம் முழுவதும் மஞ்சள் நிரப்பிய ஒரு தாளை அச்சிட்டேன். அந்த மை பஞ்சுக்குப் போகாமல் தாளிலாவது விழட்டும் என்று. இரண்டாவது தாளில் படிகள் இரண்டும் திரும்பி வந்துவிட்டன.