விண்டோஸ், மேக், லினக்ஸ் கலந்த ஆபீஸில் கோப்புகளை எங்கே வைப்பது?

இணையதளம் செய்துகொடுக்கும் சின்ன ஆபீஸ்களில் கணினிகள் ஒரே ரகமாக இருப்பது அபூர்வம். டிசைனர் மேக்கை விடமாட்டார். கணக்கு பார்ப்பவருக்கு டேலி வேண்டும், எனவே விண்டோஸ். புரோகிராம் கோடு எழுதுபவர்களில் ஒருவராவது உபுண்டு லினக்ஸ் போட்டிருப்பார். இத்தனை பேரும் தொடவேண்டிய கோப்புகளை எங்கே வைப்பது? யாராவது ஒருவரின் விண்டோஸ் கணினியில் ஒரு ஃபோல்டரை ஷேர் செய்யலாம். கூகுள் டிரைவ் போன்ற கிளவுடுக்குப் போகலாம். நாஸ் பெட்டி, அதாவது நெட்வொர்க்கில் மாட்டி எல்லோரும் பயன்படுத்தும் டிஸ்க் பெட்டி, வாங்கலாம். அல்லது பழைய டெஸ்க்டாப் ஒன்றில் லினக்ஸும், அதன் ஃபோல்டர்களை விண்டோஸும் மேக்கும் திறக்க வழிசெய்யும் சாம்பா என்ற மென்பொருளும் போட்டு நாமே சர்வர் ஆக்கிக்கொள்ளலாம். நாங்கள் கடைசி வழியில் போனவர்கள். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

முதலில் புரோகிராம் கோடை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்கு இந்த நாலு வழியுமே தேவையில்லை, அதன் இடம் கிட், அதாவது யார் எதை மாற்றினார்கள் என்று பதிவுசெய்து வைக்கும் மென்பொருள். ஷேர் ஃபோல்டரில் ஒரே ஃபைலை இரண்டு பேர் திறந்தால் கடைசியாக சேவ் செய்தவர் எழுதியதுதான் நிற்கும். கிட் ரெப்போவையே (கோடும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் ஃபோல்டர்) கிளவுட் ஃபோல்டருக்குள் வைப்பது இன்னும் மோசம்: உள்ளே ஏராளமான குட்டி ஃபைல்கள் இருக்கும், அவை பாதி சிங்க் ஆன நிலையில் இன்னொருவர் கமிட் போட்டால், அதாவது தன் மாற்றத்தைப் பதிந்தால், ரெப்போ கெட்டுவிடும். வரி முடிவுக் குறி விண்டோஸில் ஒரு மாதிரி, லினக்ஸிலும் மேக்கிலும் வேறு மாதிரி என்பதையும் கிட்டின் அட்ரிப்யூட்ஸ் ஃபைலில் ஒரு வரி எழுதித் தீர்த்துக்கொள்ளலாம். அது இல்லாவிட்டால் விண்டோஸில் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட் சர்வரில் ஓடாது, ஏன் ஓடவில்லை என்றும் கண்ணுக்குத் தெரியாது. மிச்சம் இருப்பவைதான் ஷேருக்கு உரியவை: பிஎஸ்டி என்ற ஃபோட்டோஷாப் ஃபைல், ஃபோட்டோ, வாடிக்கையாளர் அனுப்பிய வேர்டு ஃபைல், ஃபான்ட், இன்வாய்ஸ், டேட்டாபேஸ் டம்ப்.

விண்டோஸ் ஷேர் இரண்டு மூன்று பேருக்குப் போதும். ஆனால் அந்தக் கணினிக்கு உரியவர் மதியம் அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் செய்தால் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். விண்டோஸின் ப்ரோ பதிப்பிலும் ஒரே நேரத்தில் 20 இணைப்புகள்தான். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் அதிகம் என்றால் கிளவுட்தான் சரி, மறுபேச்சே இல்லை. எல்லோரும் ஒரே அறையில் இருக்கும்போதுதான் அது உறுத்தும்: பக்கத்து மேஜைக்குப் போகவேண்டிய பெரிய பிஎஸ்டி முழுவதும் பிராட்பேண்டில் மேலே ஏறி, திரும்ப இறங்க வேண்டும். கூகுள் டிரைவுக்கு லினக்ஸில் அதிகாரபூர்வ செயலி கிடையாது. ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருப்பதையும் அது அனுமதிக்கும். டிராப்பாக்ஸ் இந்த விஷயத்தில் மேல். லினக்ஸ் செயலி உண்டு, ஒரே நெட்வொர்க்கில் உள்ள கணினிகள் தங்களுக்குள் நேராகப் பரிமாறிக்கொள்ளும் வசதியும் உண்டு. ஆனால் ஆள் கூடக் கூட மாதச் சந்தாவும் கூடும்.

உண்மையான போட்டி நாஸ் பெட்டிக்கும் சாம்பாவுக்கும்தான். நாஸின் நல்ல குணங்களைக் குறைத்துச் சொல்லமாட்டேன். மின்சாரம் குறைவாக இழுக்கும், சத்தம் போடாது, இரண்டு டிஸ்க்கில் ஒரே தகவலை வைக்கும், பிரவுசரிலேயே எல்லா செட்டிங்கும். டிஸ்க் கெடப்போகிறது என்றால் மெயில் அனுப்பும். ஆனால் பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஓடுவது என்ன? நாஸ் தயாரிக்கும் நிறுவனங்களில் சைனாலஜியோ க்யூநாப்போ, இரண்டிலும் லினக்ஸ்தான், அதன்மேல் சாம்பாதான். 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் கான்பெர்ராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜல் எழுதத் தொடங்கிய அதே சாம்பா. ஆக நாஸ் வாங்குபவரும் சாம்பாவைத்தான் வாங்குகிறார். அதன் சாவி யார் கையில் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். எங்கள் முடிவைத் தீர்மானித்ததும் அந்தப் பராமரிப்புக் கேள்விதான்.

ஷேர் ஃபோல்டரை ஒருமுறை அமைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். முடியாது, ஏனென்றால் எதிர்முனையில் மைக்ரோசாஃப்டும் ஆப்பிளும் விதிகளை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் நிரல்) உலகத்தை உலுக்கியது; அது நுழைந்த ஓட்டை எஸ்எம்பியின் முதல் பதிப்பில் இருந்தது. விண்டோஸும் சாம்பாவும் ஃபோல்டரை ஷேர் செய்யப் பேசும் நெட்வொர்க் மொழிதான் எஸ்எம்பி. அதே ஆண்டு வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து எஸ்எம்பியின் அந்த முதல் பதிப்பை மைக்ரோசாஃப்ட் விலக்கத் தொடங்கியது. அதை மட்டுமே பேசத் தெரிந்த பழைய நாஸ்கள் அத்தோடு ஊமையாகின. நெட்வொர்க் என்று கிளிக் செய்தால் கணினிகள் வரிசையாகத் தெரிந்துகொண்டிருந்ததும் அதனோடு போயிற்று. இன்றைக்கு லினக்ஸ் சர்வர் அந்தப் பட்டியலில் தெரியவேண்டுமானால் டபிள்யூஎஸ்டிடி என்ற குட்டி நிரலைத் தனியாக ஓடவிட வேண்டும்.

ஆப்பிள் பக்கமும் இதே கதைதான். மேக்குகள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்த ஏஎஃப்பி என்ற மொழியை 2013-இல் வந்த மேக் இயங்குதளமான மாவரிக்ஸ் பின்னுக்குத் தள்ளி எஸ்எம்பியை முன்னே கொண்டுவந்தது. 2020-இல் அதன் பிக் சர் பதிப்பு வந்தபோது ஏஎஃப்பி வழியாக ஷேர் செய்யும் வசதியே போய்விட்டது. 2024-இல் விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 வந்தது. ப்ரோ பதிப்பில் கடவுச்சொல் இல்லாத கெஸ்ட் நுழைவு நின்றது, ஒவ்வொரு எஸ்எம்பி இணைப்பும் டிஜிட்டல் முறையில் கையொப்பமிடப்பட வேண்டும் என்ற விதியும் வந்தது. ‘ஆபீஸுக்குள்தானே, பாஸ்வேர்டு எதற்கு’ என்று திறந்து போட்டிருந்த ஷேர்கள் ஒரு அப்டேட்டில் மூடிக்கொண்டன.

இப்படி ஒவ்வொரு முறையும் சர்வர் பக்கத்தில் யாராவது எதையாவது மாற்றியாக வேண்டும். நாஸில் அதைச் செய்ய வேண்டியவர் பெட்டி தயாரித்தவர். மாடல் பழசாகிவிட்டால் அப்டேட் நிற்கும். டிஸ்க்கும் மோட்டாரும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்டி காலாவதியாகும். வணிக முடிவுகளும் குறுக்கே வரும். 2025-இல் சைனாலஜி தன் புதிய பிளஸ் மாடல்களுக்குத் தான் அங்கீகரித்த டிஸ்க்குகளே வேண்டும் என்றது. எதிர்ப்பு கிளம்பியபின் அந்த ஆண்டே தளர்த்தியது. நம் சொந்த லினக்ஸில் இந்தத் தொல்லை இல்லை. 64 பிட் ப்ராசஸர் இருக்கும் பழைய டெஸ்க்டாப்பில் டெபியன் என்ற லினக்ஸ் வகையின் இன்றைய பதிப்பைப் போடலாம், புதிய சாம்பா தானாக வந்துவிடும். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்றால் ஐந்து ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் இலவசம்.

எனக்கு இதைவிடப் பிடித்தது, சாம்பாவின் மொத்த அமைப்பும் ஒரே ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் அடங்கிவிடுவது. அதைக் கிட்டில் வைத்துவிட்டால் யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்பது தெரியும். பெட்டி புகைந்து போனாலும் வேறு டெஸ்க்டாப் ஒன்றில் டெபியன் போட்டு, அந்த ஃபைலை வைத்து, டிஸ்க்கை மாட்டி, ஆட்களுக்கு லாகின் உருவாக்கினால் வேலை முடிந்தது. டிஸ்க்கில் இருப்பது இஎக்ஸ்டி4 என்ற சாதாரண லினக்ஸ் ஃபைல் அமைப்பு. யூஎஸ்பி அடாப்டர் வழியாக எந்த லினக்ஸ் லேப்டாப்பிலும் படிக்கும். சைனாலஜி டிஸ்க்கையும் லினக்ஸில் படிக்க முடியும், அது உண்மைதான். ஆனால் டெட்லைன் நாளில் ரேய்ட் (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்க்கும் முறை) அடுக்குகளைப் பிரித்துக்கொண்டு உட்கார யாருக்குப் பொறுமை இருக்கும்?

அந்த ஒரு ஃபைலில் கலப்பு ஆபீஸுக்கு அவசியமான சில வரிகள் உண்டு. மேக் இருந்தால், சாம்பாவை மேக்கோடு ஒத்துப்போக வைக்கும் ஃப்ரூட் மாட்யூலைப் போடாமல் விடாதீர்கள். கூடவே கேட்டியா மாட்யூலும் வேண்டும்: மேக்கில் ஃபைல் பெயரில் கேள்விக்குறி தாராளமாக வரும், விண்டோஸ் அதை ஏற்காது, கேட்டியா நடுவில் நின்று மாற்றிக் கொடுக்கும். அழித்த ஃபைலைத் தனி ஃபோல்டரில் எடுத்துவைக்கும் ரீசைக்கிள் மாட்யூலை நான் கட்டாயம் என்பேன், ஏனென்றால் நெட்வொர்க் ஷேரில் அழித்தது விண்டோஸின் குப்பைத் தொட்டிக்குப் போவதில்லை, போனது போனதுதான். ஒருவர் உருவாக்கிய ஃபைலை மற்றவர் திருத்த முடியாமல் போகும் வழக்கமான புகாருக்கு, எல்லோரையும் ஒரே குழுவில் போட்டு அந்தக் குழுவின் பெயரிலேயே, குழுவுக்கு எழுதும் உரிமையோடு ஃபைல் உருவாகும்படி கட்டாயப்படுத்தினால் போதும்.

இணையதள வேலைக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. அதே பெட்டியில் என்ஜின்எக்ஸ் அல்லது அப்பாச்சி என்ற வெப் சர்வர் நிரலைப் போட்டு, ஆபீஸுக்குள் சோதனை சர்வராகவும் வைத்துக்கொள்ளலாம். விண்டோஸும், வழக்கமான அமைப்பில் மேக்கும், ஃபைல் பெயரில் பெரிய எழுத்து சின்ன எழுத்து பேதம் பார்ப்பதில்லை. லினக்ஸ் பார்க்கும். லோகோ ஃபைலின் பெயரில் ஓர் எழுத்து பெரியதாக இருந்தால் டிசைனர் திரையில் படம் தெரியும், உண்மையான சர்வரில் ஃபைல் இல்லை என்ற 404 பிழை வரும். சாம்பா இந்தப் பேதத்தை விண்டோஸிடமிருந்து மறைத்துவிடும். வெப் சர்வர் மறைக்காது. எனவே தளம் வெளியே போகும் முன்பே, அந்தத் தவறு ஆபீஸிலேயே பல்லிளித்துவிடும். சோதனைத் தளத்துக்குப் பெயர் வைக்கும்போது டாட் டெஸ்ட் என்று முடியுங்கள், அது இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. டாட் லோக்கல் வேண்டாம், நெட்வொர்க்கில் கணினிகளைப் பெயரால் கண்டுபிடிக்கும் மேக்கின் போன்ஷூர் வசதியோடு மோதும். டாட் டெவ் வேண்டவே வேண்டாம்: 2017 டிசம்பரில் வந்த குரோம் 63 முதல் அது ஹெச்டிடிபிஎஸ் இல்லாமல் திறக்காது.

தமிழ்த் தளம் செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று. படத்துக்கும் பிடிஎஃபுக்கும் தமிழில் பெயர் வைக்க ஆசை வரும். ‘கோ’ என்பதில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். பழைய மேக்குகளின் ஃபைல் அமைப்பான ஹெச்எஃப்எஸ் பிளஸ் பிரித்துத்தான் வைக்கும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், லினக்ஸ் சர்வருக்கோ இரண்டும் வெவ்வேறு ஃபைல். இணைப்பு ஏன் உடைந்தது என்று தேடினால் தலைமுடிதான் உதிரும். வெளியே போகும் ஃபைல்களுக்குச் சின்ன ஆங்கில எழுத்து, எண், நடுவில் ஹைஃபன், அவ்வளவே வையுங்கள்.

வேகம் பெரும்பாலும் பெட்டியைப் பொறுத்ததல்ல. பிராட்பேண்டுக்காரர் கொடுக்கும் மலிவு ரவுட்டர்கள் பலவற்றில் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) போர்ட்டுதான் இருக்கும், அதில் நொடிக்கு சுமார் 11 மெகாபைட் தாண்டாது. ஒரு கிகாபிட் ஸ்விட்ச் வாங்கிப் போட்டால் 110 வரை போகும். கரண்ட் போய் வரும் இடம் என்றால் யூபிஎஸ் கட்டாயம். பயாஸில் கரண்ட் வந்ததும் தானே இயங்கும்படி ஒரு செட்டிங் இருக்கும், அதையும் போட்டுவிடுங்கள். பழைய லேப்டாப்பைச் சர்வர் ஆக்கினால் பேட்டரியே யூபிஎஸ் ஆகுமே என்று சிலர் கேட்பார்கள். ஆகும்தான், ஆனால் வருடக்கணக்கில் சார்ஜரிலேயே கிடந்து பேட்டரி உப்பினால் ஆபத்து.

பேக்கப்பில் நாஸ், சாம்பா இரண்டும் சமம். இரண்டு டிஸ்க் இருப்பது பேக்கப் ஆகாது. ஒரு விண்டோஸ் கணினியில் ரேன்சம்வேர் புகுந்தால் அது ஷேரையும் சேர்த்தே பூட்டும், எனவே இரவில் நகலெடுக்கும் யூஎஸ்பி டிஸ்க் யாருக்கும் ஷேராகத் தெரியக்கூடாது. வீட்டிலிருந்து எடுக்க வசதியாக இருக்கும் என்று ரவுட்டரில் போர்ட் திறந்துவிடாதீர்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரேன்சம்வேர், இணையத்துக்குத் திறந்திருந்த க்யூநாப் பெட்டிகளைத் தேடித் தேடிப் பூட்டியது. வெளியிலிருந்து வர விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு போதும்.

இவ்வளவும் பத்துப் பேருக்குள் இருக்கும் ஆபீஸுக்கான கணக்கு. ஆக்டிவ் டைரக்டரி (எல்லோருடைய லாகினையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் அமைப்பு) வைத்து ஐம்பது நூறு பேரை நிர்வகிக்கும் இடத்தில் நான் சாம்பாவை ஓட்டியதில்லை. நாள் முழுக்க வீடியோ எடிட்டிங் நடக்கும் இடத்துக்கும் என் அனுபவம் போதாது. ஆபீஸில் கமாண்ட் லைன் தெரிந்தவர் ஒருவர்தான், அவரும் வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால் தயங்காமல் நாஸே வாங்குங்கள். வாங்கும்போது எத்தனை டெராபைட் என்பதற்கு முன், அந்த மாடல் எந்த ஆண்டு வெளிவந்தது, அதே நிறுவனத்தின் பழைய மாடல்களுக்கு எத்தனை ஆண்டு அப்டேட் வந்தது என்று பாருங்கள். தள்ளுபடியில் கிடைக்கும் பழைய மாடலுக்கு அப்டேட் காலம் பாதி ஏற்கெனவே ஓடி முடிந்திருக்கும்.