உசேஸா, லீல் சூர் லா சோர்கா, பெசனாஸா? நண்பர்களோடு ஒரு வாரம் சும்மா இருக்க எந்த ஊர்?

தென் பிரான்சில் வாரச் சந்தை கூடும் ஊர்களுக்குப் பஞ்சமே இல்லை. படங்களில் பார்த்தால் எல்லாமே ஒரே மாதிரிதான் தெரியும்: பிளேன் மரத்து நிழல், மஞ்சள் கல் வீடுகள், ஆலிவ் வாளிகள், லாவண்டர் பைகள். அந்தப் படங்களை வைத்து ஊரை முடிவு செய்யாதீர்கள். சந்தை காலை எட்டு மணிவாக்கில் களைகட்டி மதியம் ஒரு மணிக்கெல்லாம் முடிந்துவிடும், அதுவும் வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோதான். நண்பர்கள் ஆறேழு பேர் சேர்ந்து ஒரு வீடு பிடித்துத் தங்கப் போகிறீர்கள் என்றால் மீதிப் பொழுது முழுக்க அந்த ஊரோடுதான் நீங்கள் குடித்தனம் நடத்த வேண்டும். சந்தை இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஊர் எப்படி இருக்கிறது, அதுதான் என் அளவுகோல்.

எனக்குப் பிடித்த மூன்று ஊர்களை எடுத்துக்கொள்கிறேன். நீம் நகருக்கு வடக்கே சுமார் 25 கிலோமீட்டரில் உசேஸ், அவிஞோனுக்குக் கிழக்கே லீல் சூர் லா சோர்க் (இனிமேல் லீல் என்றே சொல்கிறேன், வடக்கே இருக்கும் பெரிய நகரத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்), மத்தியதரைக் கடல் பக்கமாகப் பெசியே நகருக்கு அருகே பெசனாஸ்.

முதலில் யாரும் யோசிக்காத ஒரு விஷயம், கிழமை. கோடையில் அங்கே வாடகை வீடுகளைப் பெரும்பாலும் சனி முதல் சனி வரைதான் கொடுப்பார்கள். சனி மாலை சாவி கிடைக்கும், அடுத்த சனி காலை பத்து மணிக்குள் காலி செய்து கொடுக்க வேண்டும். பெசனாஸில் பெரிய சந்தை சனிக்கிழமை. அதாவது நீங்கள் வந்து சேரும் நாளிலும் கிளம்பும் நாளிலும் சந்தை, நடுவில் ஒன்றும் இல்லை! சந்தைக்காகவே போகிறவர்களுக்கு இதைவிட ஏமாற்றம் வேறு இருக்க முடியாது. உசேஸிலும் சனிக்கிழமைதான் பெரிய சந்தை, ஆனால் புதன்கிழமை இன்னொன்று உண்டு, அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். லீலில் ஞாயிறு காலை. இது எவ்வளவு வசதி என்றால், சனி மாலை பெட்டி படுக்கையோடு வந்து இறங்கி, அகப்பட்டதைச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் மறுநாள் காலை வாசலிலேயே சந்தை, மற்ற ஊர்களில் ஞாயிறு மதியத்துக்கு மேல் கடைகள் மூடிக் கிடக்கும் நேரத்தில் உங்கள் குளிர்பெட்டி நிறைந்திருக்கும். கூடவே வியாழக்கிழமையும் ஒரு சின்னச் சந்தை கூடுகிறது. கிழமைக் கணக்கில் லீலுக்குத்தான் முதலிடம்.

கார் ஓட்டுகிறவர்கள் யாரும் இல்லை என்றாலும் லீல்தான். பாரிஸிலிருந்து டிஜிவி என்ற அதிவேக ரயிலில் அவிஞோனுக்கு 2 மணி 40 நிமிடம், அங்கிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணி நேரம் போல, ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் பெட்டியை உருட்டிக்கொண்டே நடந்துவிடலாம். உசேஸுக்கு ரயில் கிடையாது, நீமிலோ அவிஞோனிலோ இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். பெசனாஸுக்கும் ரயில் இல்லை, பெசியேயிலோ ஆக்திலோ இறங்கி மறுபடியும் பஸ் அல்லது வாடகைக் கார். பாரிஸிலோ லண்டனிலோ இருக்கும் நம் ஆட்கள் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் இந்த ஒரு காரணமே முடிவு செய்யப் போதும்.

லீலின் உயிர் அதன் தண்ணீர். சோர்க் ஆறு கிளை கிளையாகப் பிரிந்து ஊரைச் சுற்றி ஓடுகிறது, ஒரு காலத்தில் பட்டு, கம்பளி ஆலைகளை ஓட்டிய மரச் சக்கரங்கள் பாசி மண்டி இன்னும் கால்வாய்களில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஆறு பிறக்கும் இடம் 7 கிலோமீட்டர் தள்ளி, ஃபோன்தேன் து வோக்ளூஸ் என்ற கிராமத்தில், ஒரு பெரிய பாறைச் சுவரின் அடியில் இருக்கும் ஊற்று. 1985-இல் ஒரு ரோபோவை உள்ளே விட்டுப் பார்த்தபோது 308 மீட்டர் ஆழம் என்று தெரிந்தது. இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் 14-ஆம் நூற்றாண்டில் இந்த ஆற்றங்கரையில்தான் வீடு எடுத்துத் தங்கினார். ஊற்றுத் தண்ணீர் என்பதால் கோடையிலும் 13 டிகிரி அளவில்தான் இருக்கும். ஆகஸ்ட் வெயிலில் கணுக்கால் வரை நனைத்தாலே உடம்பு முழுக்கக் குளிர்ந்துவிடும், குளிக்க இறங்குகிறவர்கள் அலறிக்கொண்டே வெளியே வருவார்கள். படகு ஓட்டத் தெரியாதவர்களும் கனூ எடுத்துக்கொண்டு மேலிருந்து ஊர்ப் பக்கமாக இறங்கி வரலாம், ஓட்டம் பெரும்பாலும் சாதுவானது.

சந்தையில் கவாயோன் முலாம்பழம் வாங்காமல் வராதீர்கள், கவாயோன் பக்கத்து ஊர்தான். பழக்காரர் முதலில் கேட்பது "மதியத்துக்கா, ராத்திரிக்கா, நாளைக்கா?" என்றுதான். நீங்கள் சொல்லும் பதிலுக்கு ஏற்றபடி ஒவ்வொரு பழமாகக் கையில் தூக்கி எடை பார்ப்பார், காம்பைச் சுற்றி விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பார், மூக்கருகே கொண்டுபோய் முகர்வார். ராத்திரிக்கு என்று வாங்கியதை மதியமே வெட்டினால் வித்தியாசம் நாக்குக்குத் தெரிந்துவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகும் லீலுக்கு என் முதல் ஓட்டு இல்லை. காரணம் பழம்பொருள் வியாபாரம். 1960-களில் தொடங்கிய பழம்பொருள் கண்காட்சியால் பெயர் பெற்று, இன்று நூற்றுக்கணக்கான வியாபாரிகள் இருக்கும் ஊர் இது. ஈஸ்டருக்கும் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டியும் பெரிய கண்காட்சிகள். பழைய சரவிளக்கிலும் செப்புப் பாத்திரத்திலும் கிறுக்கு உள்ளவர்களுக்குச் சொர்க்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவிஞோன், மார்செய்ப் பக்கத்துக் கார் எல்லாம் இங்கே வந்து நிற்கும், பத்து மணிக்கு மேல் நடைபாதையில் தோளோடு தோள் உரசித்தான் நகர முடியும். அப்புறம் பார்த்தால் வார நடுவில் பல கடைகள் பூட்டிக் கிடக்கும். ஞாயிறு திருவிழா, செவ்வாய் வெறிச்சோட்டம். ஊர் தன்னை வெளியூர்க்காரர்களுக்காக ஒழுங்கு செய்து வைத்திருப்பது அப்போதுதான் தெரிகிறது.

பெசனாஸ் இதற்கு நேர்மாறு, அலட்டல் இல்லாத ஊர். லாங்தோக் மாகாணத்தின் சபை கூடிய ஊர் என்பதால் பிரபுக்களின் கல் மாளிகைகள் சந்து சந்தாக நிற்கின்றன, 1650-களில் பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரும் அவர் நாடகக் குழுவும் இங்கே வந்து தங்கி ஆடியிருக்கிறார்கள். இப்போது அந்த மாளிகைகளின் கீழ்த்தளங்களில் தச்சர்கள், குயவர்கள், தோல் வேலைக்காரர்கள் பட்டறை வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் திராட்சைத் தோட்டம், தெற்கே கடல், வழியில் தோ ஏரிக் கரையில் பூசிக் கிராமத்துச் சிப்பி, வடக்கே போனால் சிவப்பு மண்ணுக்கு நடுவே நீலமாகக் கிடக்கும் சலாகு ஏரி. வாடகையும் உசேஸைவிடக் குறைவாகத்தான் கேட்பார்கள்.

ஆனால் தமிழர்களுக்கு இந்த ஊரில் வேறொரு சுவாரசியம் இருக்கிறது. 1751-இல் ஆற்காட்டு முற்றுகையில் பெயர் வாங்கிய அதே ராபர்ட் கிளைவ், உடம்பு சரியில்லாமல் போனபோது 1768-இல் நல்ல காற்றுக்காக வந்து தங்கியது பெசனாஸில்தான். அவரோடு வந்த இந்தியச் சமையல்காரர்கள் செய்த பலகாரத்தைப் பார்த்துத்தான் உள்ளூர் ரொட்டிக்காரர்கள் கற்றுக்கொண்டார்கள் என்று அந்த ஊரில் ஒரு கதை சொல்கிறார்கள். கதை எப்படியோ, 'பெத்தி பத்தே' என்ற அந்தப் பலகாரம் இன்றைக்கும் அடுமனைகளில் சுடச்சுடக் கிடைக்கிறது. நூல்கண்டு வடிவம், உயரம் கட்டை விரலுக்கு மேல் போகாது, வெளியே மொறுமொறுப்பான மாவு, உள்ளே ஆட்டுக்கறிக் கொத்து, அதில் பழுப்புச் சர்க்கரையும் எலுமிச்சைத் தோலும். முதல் கடியில் இனிப்பா காரமா என்று நாக்கு திணறும், இரண்டாவது கடியில் நம் ஊர்க் கைமாவின் தூரத்துச் சொந்தம் என்று புரிந்துவிடும். அதைக் கொஞ்சம் சூடு பண்ணித்தான் சாப்பிட வேண்டும், ஆறிவிட்டால் கொழுப்பு உறைந்து ருசி கெட்டுவிடும்.

பெசனாஸின் குறை, சந்தைக் கிழமை தவிர, நிழலான ஒரு நடுக்கூடம் இல்லாதது. சந்துகள் அழகு, ஆனால் நண்பர்கள் கூட்டம் ஒன்று நாற்காலிகளை இழுத்துப் போட்டு மணிக்கணக்கில் உட்கார, தினமும் கால்கள் தானாகவே போய் நிற்க, உசேஸின் சதுக்கத்துக்கு ஈடான ஓர் இடம் அங்கே எனக்குக் கிடைக்கவில்லை.

உசேஸில் அது இருக்கிறது. பிளாஸ் ஓ எர்ப் என்ற சதுக்கம், நாலு பக்கமும் வீடுகளுக்கு அடியில் வளைவு வளைவாகக் கல் தாழ்வாரம், நடுவில் பிளேன் மரங்களும் ஒரு நீரூற்றும். நம் அக்கிரகாரத் திண்ணைகளை ஒன்றோடொன்று சேர்த்து வளைத்துக் கட்டியது போல அந்தத் தாழ்வாரம், வெயிலுக்கென்றே பிறந்தது. செவ்வாய் மதியம் மூன்று மணிக்குப் போனால் பாதிக் கடைகள் மூடியிருக்கும், ஆனாலும் ஊர் செத்துக் கிடக்காது. ஒருத்தர் செய்தித்தாள் படிப்பார், பள்ளிப் பிள்ளைகள் நீரூற்றில் தண்ணீர் இறைப்பார்கள், ஒரு காப்பியை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் பணியாளர் முகம் சுளிக்க மாட்டார். யாருக்குப் பேச வேண்டுமோ அவர்கள் பேசலாம், யாருக்குத் தனியாக இருக்க வேண்டுமோ அவர்கள் எழுந்துபோய் 12-ஆம் நூற்றாண்டு ஃபெனெஸ்ட்ரெல் கோபுரத்தைச் சுற்றிவிட்டு வரலாம், வட்ட வடிவில் ஜன்னல் ஜன்னலாக 42 மீட்டர் உயரம். கூட்டமாகப் போகும் விடுமுறையில் சண்டை வருவதே எல்லோரும் எல்லா நேரமும் ஒன்றாகவே இருக்க வேண்டியிருப்பதால்தான், அந்தச் சிக்கலை இந்த ஊரின் அமைப்பே பாதி தீர்த்துவிடுகிறது.

புதன்கிழமைச் சந்தைக்கு வருகிறேன். சனிக்கிழமைச் சந்தை சதுக்கத்தைத் தாண்டித் தெருக்களிலெல்லாம் வழியும், துணிமணி, கூடை, சோப்பு என்று பாதிக்குப் பாதி சுற்றுலாச் சரக்கு. புதன் சின்னது, அக்கம்பக்கத்து விளைவிப்போர் வருவது. செவென் மலையிலிருந்து வரும் பெலார்தோன் ஆட்டுப்பால் சீஸ், உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டு, இளசு, நடுத்தரம், முற்றியது என்று வரிசையாக அடுக்கியிருக்கும், இளசு தயிர் போலப் புளிக்கும், முற்றியது நாக்கைச் சுரண்டும். பிக்கோலின் ஆலிவ், கத்தரிக்காய், தக்காளி, கமார்க் அரிசி. கோழி சுடும் வண்டியில் கம்பியில் சுழலும் கோழிகளிலிருந்து சொட்டும் நெய் கீழே தட்டில் இருக்கும் உருளைக்கிழங்கில் விழுந்துகொண்டே இருக்கும். கோழியோடு அந்தக் கிழங்கையும் கேட்டு வாங்குங்கள், பதினொன்றரைக்கு மேல் கிழங்கு மிஞ்சாது. அன்றைக்கு யாரும் அடுப்பு பற்ற வைக்க வேண்டாம். மற்ற நாட்களுக்கு ஒரு பொட்டலம் கறிவேப்பிலையும் பெருங்காயமும் கையோடு கொண்டு போனால் அந்தக் கத்தரிக்காய்க்கும் கமார்க் அரிசிக்கும் வேறு ஒன்றும் தேவைப்படாது.

ஊருக்குக் கீழேயே ஒரு பள்ளத்தாக்கு, மர நிழலில் நடை. அங்கே இருக்கும் ஊற்றிலிருந்துதான் ரோமானியர்கள் நீம் நகருக்குத் தண்ணீர் கொண்டு போனார்கள், சுமார் 50 கிலோமீட்டர் வாய்க்கால், மொத்தச் சரிவு 12 மீட்டர் சொச்சம்தான்! அந்த வாய்க்கால் கார்தோன் ஆற்றைத் தாண்டும் இடம்தான் போன் து கார் பாலம், மூன்று அடுக்கு, 49 மீட்டர் உயரம். கொலியாஸ் கிராமத்தில் கனூ எடுத்து ஆற்றோடு இறங்கி, கடைசி வளைவில் திரும்பியதும் பாலம் முழுசாக எதிரே நிற்கும். பாலத்தடியில் கோடைத் தண்ணீர் நீந்த இதமாக இருக்கும், சோர்க் மாதிரி உறைய வைக்காது.

குறைகளும் சொல்ல வேண்டும். உசேஸ் மலிவு அல்ல, ஆகஸ்டில் நெரிசல், வண்டி நிறுத்த இடம் தேடியே பொழுது போகும். வெயிலை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், "நாங்கள் பார்க்காத வெயிலா" என்று கிளம்புகிறவர்களுக்குச் சொல்கிறேன், 2019 ஜூன் 28 அன்று பக்கத்து எரோ மாவட்டத்தில்தான் 46 டிகிரி பதிவாகிப் பிரான்சின் சாதனை ஆனது, பல கல் வீடுகளில் ஏசி இருக்காது. செப்டம்பர் பிறந்த பிறகு போனால் செவென் மலைப்பக்கம் திடீர்ப் பெருமழை கொட்டும், 2002 செப்டம்பர் வெள்ளம் அங்கே யாருக்கும் மறக்கவில்லை. உசேஸிலும் லீலிலும் மிஸ்ட்ரால் என்ற பலத்த வடகாற்று கிளம்பினால் மேசை விரிப்பு நிற்காது. பெசனாஸில் வேறு பெயரில் அதே தொல்லை.

ஆக, கார் இல்லாத கூட்டமா, லீல், அதுவும் ஆகஸ்ட் 15 வாரத்தைத் தவிர்த்து. கடலும் கறியும் குறைந்த செலவும் வேண்டுமா, பெசனாஸ், ஆனால் சனி முதல் சனி இல்லாத வீடாகத் தேடுங்கள், மே மாதத்தில் அப்படிக் கிடைக்கும். எனக்கு என்றால் ஜூன் முதல் பாதியில் உசேஸ், ஏழு பேருக்கு இரண்டு கார், சதுக்கத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு. வீட்டுப் படங்களைப் பார்க்கும்போது நீச்சல் குளத்தைப் பார்த்து மயங்காமல், வெளியே மரத்தடியில் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காரும் அளவுக்கு மேசை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லை என்றால் வீட்டுக்காரருக்கு எழுதிக் கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள்.