சிங்கப்பூர் எண்ணில் யூபிஐ: கும்பகோணத்தில் பணம் கொடுத்த அனுபவம்

ஊருக்குக் கிளம்பும் சிங்கப்பூர்க்காரர்கள் முதலில் முடிக்க வேண்டிய வேலை, வெளிநாட்டில் வாழ்பவர்கள் இந்திய வங்கியில் வைத்திருக்கும் என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கில் சிங்கப்பூர் போன் எண்ணைப் பதிந்து, போனிலேயே பணம் கொடுக்கும் யூபிஐ வசதியை வாங்கிக்கொள்வது. இந்த முறை கும்பகோணத்தில் நிம்மதியாகச் செலவு செய்ய முடிந்ததற்கு அதுதான் காரணம்.

வெளிநாட்டு எண்ணில் யூபிஐ பயன்படுத்த 2023-லேயே வழி பிறந்துவிட்டது. சிங்கப்பூர், அமீரகம், அமெரிக்கா, கனடா, பிரிட்டன் உட்படப் பத்து நாடுகள் முதல் பட்டியலிலேயே இருந்தன. அப்படியும் நம்மில் பலர் மச்சான் போனை நம்பித்தான் ஊர் சுற்றுகிறோம். "நீங்க போட்டுவிடுங்க, அப்புறம் தர்றேன்" என்று கடைக்குக் கடை சொல்வது எவ்வளவு சங்கடம்!

செயலியில் பதியும்போது சிங்கப்பூர் சிம்மிலிருந்துதான் எஸ்எம்எஸ் போக வேண்டும். விமான நிலையத்திலேயே உள்ளூர் சிம்முக்கு மாறிவிடுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ரகசிய எண் அமைக்க அந்தக் கணக்கின் டெபிட் கார்டும் தேவைப்படும். அது அம்மா வீட்டு பீரோவில் கிடந்தால் முன்கூட்டியே வரவழையுங்கள்.

சாரங்கபாணி கோயில் பக்கம் பூ விற்கும் அம்மா கூடை விளிம்பில் க்யூஆர் அட்டை கட்டியிருக்கிறார். இரண்டு முழம் மல்லிகைக்கு ஸ்கேன் செய்தேன். எதிர் டீக்கடையில் பணம் வந்ததைத் தமிழிலேயே சத்தமாகச் சொல்லும் பெட்டி இருக்கிறது, இவரிடம் இல்லை. மகனுக்குப் போன் போட்டு "வந்துருச்சாப்பா?" என்று கேட்டார். வந்துவிட்டது என்று தெரிந்த பிறகே பூவை இலையில் கட்டிக் கொடுத்தார். கணக்கு மகனுடையது. விடிந்தால் பூ எடுக்க அவர் கைக்கு வேண்டியது ரொக்கம். மறுநாளிலிருந்து அவருக்கு நோட்டாகவே கொடுத்தேன். இப்படிப்பட்டவர்களிடம் எல்லோரும் அப்படிச் செய்தால் நல்லது.

அதனால் ரொக்கமும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் விமான நிலையம் வழியாக ஆளுக்கு 25,000 ரூபாய் வரை கொண்டுவரலாம். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் நாலு நாணய மாற்றுக் கடை விசாரித்து மாற்றினேன். கொடுக்கும்போதே நூறும் ஐம்பதுமாகக் கேட்டு வாங்குங்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பதால் என் அம்மாவுக்குக் கட்டணமில்லை, எனக்கு மட்டும்தான் டிக்கெட். அதற்கு 500 ரூபாயை நீட்டினால் நடத்துனர் பாவம், என்ன செய்வார்?

எனக்குக் கோபம் வந்த இடம் ஒரு பட்டுக்கடை. வெளிநாட்டுக் கார்டைப் போட்டதும் இயந்திரம் 'ரூபாயா, சிங்கப்பூர் வெள்ளியா (டாலரா)' என்று கேட்கும். கேட்டது என்னை, கடைப் பையன் தானாகவே வெள்ளியை அழுத்தப் போனான். தடுத்தேன். வெள்ளி என்று ஒப்புக்கொண்டால் அந்த இயந்திரத்தின் பின்னால் இருப்பவர்கள் வைக்கும் நாணய மாற்று விகிதம்தான். அதற்குள்ளேயே அவர்கள் லாபமும் சேர்ந்திருக்கும். வயதானவர்கள் கண்ணாடியைத் தேடுவதற்குள் விஷயம் முடிந்துவிடும். முடிவு செய்ய வேண்டியவர் கார்டுக்காரர்தான், கடை அல்ல. ஏடிஎம் திரையிலும் இதே கேள்வி வரும். இரண்டிலும் ரூபாயே போதும்.

அலமாரியில் பழைய 2,000 ரூபாய் நோட்டு இருந்தால் கடையில் நீட்டாதீர்கள். 2023-இல் புழக்கத்திலிருந்து திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதை மாற்ற, சென்னை ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்கு அடையாள அட்டையோடு போகலாம்.