சொட்டு மருந்தா, ஸ்கிளீரல் லென்ஸா: வேலூர் வெயிலில் உலர்ந்த கண்ணோடு

எனக்கு ஷோக்ரன் நோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் தாக்கும் நோய் அது. ஆரணி சாலையில் இருக்கும் ஷெல் கண் மருத்துவமனையில், கீழ் இமைக்குள் காகிதத் துண்டைச் செருகி ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். 2 மில்லிமீட்டர்தான் நனைந்திருந்தது. பத்துக்கு மேல் நனைந்தால் கவலை இல்லை, ஐந்துக்குக் கீழே என்றால் கண் நன்றாகவே உலர்ந்துவிட்டது என்று கணக்கு.

வேலை ராணிப்பேட்டை பக்கம், ஷூ கம்பெனியில் தையல் சரிபார்ப்பது. கறுப்புத் தோலில் கறுப்பு நூல். ஒரு தையல் விட்டிருந்தாலும் கண்டுபிடிக்க வேண்டும். தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். போக வர வண்டியில் வெயில்காற்று. மே மாதத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில் இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஆறு வருடமாக ஒவ்வொரு வழியாகப் பார்த்துவிட்டு, கடைசி இரண்டு வருடமாக ஸ்கிளீரல் லென்ஸ் என்ற, வெண்விழியில் உட்காரும் பெரிய கான்டாக்ட் லென்ஸ் போடுகிறேன். என் மனம் அதன் பக்கம்தான் சாய்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செயற்கைக் கண்ணீர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒன்று மட்டும் கவனியுங்கள். சாதாரண பாட்டில்களில் கெடாமல் இருக்க ஒரு வேதிப்பொருள் சேர்ப்பார்கள். நாளுக்கு நாலைந்து தடவைக்கு மேல் விடுகிறவர்களுக்கு அதுவே கண்ணை அரிக்கும். அது கலக்காத சொட்டு மருந்தைக் கேட்டு வாங்க வேண்டும், விலை கூட. எனக்கு அரை மணிக்கு ஒரு தடவை தேவைப்பட்டது. அழற்சியை அடக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டும் போட்டேன். எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு மூன்று மாதம் விட்ட பிறகுதான் சிவப்பு கொஞ்சம் அடங்கியது. இன்றைக்கும் அதை நிறுத்தவில்லை.

அடுத்தது பிளக். மூக்கோரம் கண்ணீர் வடியும் துளையில் எள்ளைவிடச் சின்ன சிலிகோன் அடைப்பை வைத்துவிடுவார்கள். இரண்டே நிமிட வேலை, வலி கிடையாது, பராமரிப்பும் கிடையாது. ஓரளவு கண்ணீர் சுரக்கிறவர்களுக்கு நல்ல வழி. சுரப்பே இல்லாத எனக்கு, தண்ணீர் வராத ஏரிக்குக் கரை கட்டின கதைதான். ஒரு கண்ணில் வைத்தது ஏழு மாதத்தில் தானாகவே விழுந்துவிட்டது. மறுபடி வைத்துக்கொள்ளவில்லை. அதனால் நாள்பட வைத்திருப்பவர்களின் அனுபவம் வேறு மாதிரி இருக்கலாம்.

சீரம் சொட்டு பற்றிச் சொன்னால் பலர் நம்புவதில்லை. நம் ரத்தத்தையே எடுத்து, சுழற்றித் தெளியவைத்து, மேலே நிற்கும் சீரத்தை உப்புநீரில் கலந்து கண்ணுக்குத் தருவார்கள். எனக்குக் கொடுத்தது 20 சதவீதம். கண்ணீரில் இருக்கும் வளர்ச்சிப் பொருள்கள் சீரத்திலும் இருப்பதால் கருவிழியின் புண் ஆறுகிறது. எனக்கு நன்றாகவே ஆறியது. ஆனால் அதைக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். சின்ன ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். கரண்ட் போன ஒரு ராத்திரிக்குப் பிறகு, ஃபிரீசரில் இருந்த அத்தனை குப்பியையும் கொட்ட வேண்டியதாகிவிட்டது. அந்தக் காலையில் அழக்கூடக் கண்ணீர் இல்லை.

அப்புறம்தான் ஸ்கிளீரல் லென்ஸ். சாதாரண மென் லென்ஸ் கருவிழியின் மேலேயே ஒட்டி உட்காரும், இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். இது அப்படி இல்லை. என்னுடையது 16.5 மில்லிமீட்டர் அகலம். கருவிழியைத் தொடாமல் ஒரு கூரை மாதிரி தாண்டிப்போய் வெண்விழியில் உட்காருகிறது. நடுவில் இருக்கும் இடைவெளியில் உப்புநீர் நிற்கிறது. நாள் முழுக்கக் கருவிழி தண்ணீரிலேயே இருக்கிறது, காற்று படுவதில்லை, இமை உரசுவதில்லை. முதன்முதலில் வந்த கான்டாக்ட் லென்ஸே இந்த வகைதான். 1888இல் அடால்ஃப் ஃபிக் என்ற கண் மருத்துவர் கண்ணாடியில் செய்தார். கண்ணாடி வழியாக ஆக்சிஜன் போகாது என்பதால் நீண்ட நேரம் போட்டிருப்பது கஷ்டமாக இருந்தது. ஆக்சிஜன் ஊடுருவும் பிளாஸ்டிக் வந்த பிறகுதான் இது மறுபடி உயிர் பெற்றது.

எனக்கு அளவெடுத்தது சென்னையில். காட்பாடியில் ரயில் ஏறி ஐந்து தடவை போய்வந்தேன். இரண்டு லென்ஸுக்கும் சேர்த்து என் நாலு மாதச் சம்பளம்.

பணத்தைவிடப் பெரிய கேள்வி பராமரிப்பு. லென்ஸ் வேண்டுமா வேண்டாமா என்பதை அதுதான் தீர்மானிக்கும் என்பது என் அனுபவம். அதிலும் குறிப்பாகத் தண்ணீர்.

காலையில் மேசையில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்க வைக்கிறேன். லென்ஸை உறிஞ்சிப் பிடிக்கும் சின்ன ரப்பர் பிடியான பிளஞ்சரின் மேல் அதைக் கிண்ணம் மாதிரி நிறுத்தி, விளிம்புக்கு மேல் புடைத்து நிற்கும் வரை உப்புநீர் ஊற்றுகிறேன். முகம் தரைக்கு நேராக இருக்கும்படி குனிய வேண்டும். இமை இரண்டையும் அகலப் பிடித்துக்கொண்டு லென்ஸை மேலே கொண்டுவந்தால், முதலில் குளிர்ச்சி படும், பிறகு கன்னத்தில் தண்ணீர் வழியும். பிளஞ்சர் தானாக விலகும். உள்ளே ஒரு குமிழி மாட்டினாலும் அந்த இடம் காய்ந்து மங்கும், கழற்றி மறுபடி போட வேண்டும். முதல் வாரம் ஒரு கண்ணுக்கு அரை மணி ஆனது. இப்போது இரண்டுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம். கழற்றும்போது பிளஞ்சரை லென்ஸின் கீழ் ஓரத்தில் வைத்து நெம்ப வேண்டும், நடுவில் வைத்து இழுத்தால் உயிர் போகும்.

உள்ளே ஊற்றும் நீர் எதுவும் கலக்காத 0.9 சதவீத உப்புநீராக மட்டுமே இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர், காய்ச்சி ஆறவைத்தது எதுவும் லென்ஸைத் தொடவே கூடாது. தண்ணீரில் இருக்கும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழிக்குள் போனால் பார்வையையே பறித்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பி தீர்ந்துபோய் மருந்துக் கடைக்குப் போனேன். “இதுவும் லென்ஸ் சொல்யூஷன்தான்க்கா, எல்லாரும் இதான் வாங்கறாங்க” என்று ஒரு பாட்டிலைக் கொடுத்தார் அங்கிருந்த பையன். மென் லென்ஸ் ஊறவைக்கும் திரவம் அது. நானும் படித்துப் பார்க்காமல் ஊற்றிப் போட்டுவிட்டேன். இந்த லென்ஸுக்குள் ஊற்றியது வெளியேறாமல் மணிக்கணக்கில் கருவிழியிலேயே நிற்கும். அதில் இருந்த கிருமிநாசினியும் அப்படியே நின்றது. மாலைக்குள் கண் செக்கச்சிவந்து, நாலு நாள் லென்ஸ் போட முடியவில்லை. அன்றிலிருந்து ஒரு பெட்டி குப்பி எப்போதும் கூடுதலாக வைத்திருக்கிறேன். திறந்த குப்பியில் மிச்சம் இருந்தால் கீழே கொட்டிவிடுவேன்.

ராத்திரி கழற்றி, கிருமி நீக்கும் பெராக்சைடு திரவம் ஊற்றிய டப்பாவில் போட்டால் ஆறு மணி நேரம் தொடக்கூடாது. லென்ஸோடு தூங்கவும் கூடாது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த விரலில் எத்தனை சோப்பு போட்டாலும் ஒரு படலம் மிஞ்சும், லென்ஸ் மேல் அது ஒட்டிக்கொண்டால் பார்வை கலங்கும். அதனால் லென்ஸைக் கழற்றி வைத்த பிறகு, மாலையில்தான் எனக்கு எண்ணெய்க் குளியல். கண் மையை விட்டேவிட்டேன்.

இன்னொரு தொல்லை மதியப் பனி. நாலைந்து மணி நேரத்தில் உள்ளே இருக்கும் நீரில் கண்ணின் கழிவு சேர்ந்து மங்கலாகும். சாப்பாட்டு நேரத்தில் கைகழுவித் துடைத்துக்கொண்டு, கழற்றிப் புது உப்புநீர் ஊற்றிப் போடுகிறேன். அதற்காகவே தனிக் கைப்பையில் இரண்டு குப்பி, பிளஞ்சர், நூல் உதிராத துணி. சொட்டு மருந்தும் முழுதாக நிற்கவில்லை. அரை மணிக்கு ஒன்று என்பது நாளுக்கு நாலாகக் குறைந்திருக்கிறது. நோய் அப்படியேதான் இருக்கிறது, லென்ஸைக் கழற்றிய ராத்திரியில் கண்ணுக்குக் களிம்பு வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஏன் இதையே சொல்கிறேன் என்றால், காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு வரை கறுப்புத் தோலில் கறுப்பு நூல் தெரிகிறது. வேறு எதிலும் எனக்கு அது கிடைக்கவில்லை.

ஆற்காட்டில் இருக்கும் என் பெரியம்மாவுக்கும் கண் உலர்வுதான். அவங்களுக்குக் கை நடுக்கம் உண்டு, வீட்டில் உதவிக்கு ஆளும் இல்லை. லென்ஸ் கேட்டபோது வேண்டாம் என்று சொல்லி, பிளக் வைக்கத்தான் கூட்டிப்போனேன். வாங்க நினைக்கிறவர்கள் பணம் கட்டும் முன்பு, சோதனை லென்ஸைத் தங்கள் கையாலேயே ஒரு தடவை போட்டுக் கழற்றிப் பார்க்கக் கேளுங்கள். அதோடு ஒரு மணி நேரம் வெளியே வெயிலில் நடந்துவிட்டும் வாருங்கள். நான் அன்றைக்கு எழும்பூர் ரயில் நிலையம் வரை நடந்தேன். எதிர்க்காற்றில் கண்ணைச் சுருக்காமலே போனேன்.