ரொட்டிப் பொட்டலத்தின் பின்பக்கம்: நான்கு ரொட்டிகள், ஓர் ஒப்பீடு

அப்பாவுக்கு நீரிழிவு இருப்பது தெரிந்ததும், காலையில் சாப்பிடும் வெள்ளை ரொட்டியை மாற்றும்படி பலதுறை மருந்தகத்தில் அறிவுறுத்தினார்கள். அதனால் சிங்கப்பூரின் அங் மோ கியோவில் எங்கள் வீட்டருகே கிடைக்கும் நான்கு ரொட்டிகளை இரண்டு வாரங்கள் மாறி மாறி வாங்கி, அவை எந்த அளவுக்குப் பதப்படுத்தப்பட்டவை என்று ஒப்பிட்டேன்.

அளவுகோலாக, பிரேசிலின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்லோஸ் மொன்டேரோவின் குழு வகுத்த, உணவுகளைப் பதப்படுத்தலின் அளவைக் கொண்டு நான்கு பிரிவாக்கும் நோவா முறையை எடுத்துக்கொண்டேன். மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் ஆகியவற்றால் மட்டும் செய்த ரொட்டி அதில் மூன்றாம் பிரிவு. பால்மமாக்கி (எண்ணெயும் நீரும் பிரியாமல் கலந்திருக்கச் செய்யும் சேர்மானம்) போன்ற, எந்த வீட்டு அடுப்படியிலும் இல்லாத பொருள்கள் சேர்ந்தால் அது நான்காம் பிரிவுக்கு, அதாவது மிகைப்பதப்படுத்தப்பட்ட உணவுக்குப் போய்விடுகிறது.

பேரங்காடியின் வெள்ளை ரொட்டியில் 471, 481 என்ற பால்மமாக்கிகளும், பூசணத்தைத் தடுக்கும் 282 என்ற கால்சியம் புரோப்பியோனேட்டும் இருந்தன. அது எதிர்பார்த்ததுதான். பழுப்பு நிற முழுத்தானிய ரொட்டியைத் திருப்பிப் பார்த்தபோதே மனம் துணுக்குற்றது: அதே மூன்று எண்கள், அவற்றோடு தனியாகச் சேர்த்த கோதுமைப் பசையம் (குளூட்டன்). நோவா கணக்கில் இரண்டும் ஒரே பிரிவு. ஆனாலும் இரண்டும் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். தவிடும் முளையும் நீங்காத மாவில் நார்ச்சத்து கூடுதல். நீரிழிவு உள்ளவருக்கு முக்கியமான அந்த வேறுபாட்டை நோவா கணக்கில் எடுப்பதே இல்லை.

மூன்றாவது, தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்த காயா ஜாம் தடவித் தின்ன ஏற்ற, வட்டாரக் கடையின் சதுர ரொட்டி. அதில் லேபிள் இல்லாததால் கடைக்காரரிடம் கேட்டேன். அவர் ஒளிவுமறைவின்றி உள்ளே அழைத்துப்போய், மாவில் சேர்க்கும் மேம்படுத்திப் பொடியின் பையைக் காட்டினார்; அதிலும் பால்மமாக்கி இருந்தது. பூசணத் தடுப்பான் மட்டும் இல்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் மூன்றாம் நாளே அதன் ஓரத்தில் பச்சை படர்ந்தது. பேரங்காடி ரொட்டியோ ஏழாம் நாளும் விரலால் அமுக்கினால் பஞ்சுபோல் எழும்பியது.

நான்காவது, கைவினை ரொட்டிக் கடையின் புளிமாவு ரொட்டி; விலை 11 வெள்ளி. கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். இரவு முழுக்கப் புளித்த மாவின் மணம் பையைத் திறந்ததுமே தெரிந்தது, கத்தி பட்டதும் மேலோடு நொறுங்கியது. பதப்படுத்தலில் இதுவே மிகக் குறைவு. ஆனால் பெரும்பகுதி வெள்ளை மாவு என்பதால், புளிமாவு என்ற பெயரை மட்டும் நம்பி வாங்கக்கூடாது; முழுக்கோதுமை கலந்ததா என்று கேட்டு வாங்க வேண்டும். பொய்ப்பல் கட்டியிருக்கும் அப்பா மேலோட்டை மெல்ல முடியாமல் பருப்புக் குழம்பில் ஊறவைத்துத்தான் சாப்பிட்டார்.

வாரம் தோறும் 11 வெள்ளி எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே வார நாள்களில் பேரங்காடியின் முழுத்தானிய ரொட்டியும், மாதம் ஒருமுறை முழுக்கோதுமை கலந்த புளிமாவு ரொட்டியும் வாங்குகிறோம். புளிமாவு ரொட்டியைத் துண்டு போட்டு உறைபெட்டியில் வைத்துக்கொள்கிறோம். சனி, ஞாயிறு காலைகளில் தேக்கா சந்தையில் வாங்கிய ஆட்டா மாவில் அம்மா சப்பாத்தி சுடுகிறார்.