ஷிமோனோசெக்கியில கப்பல் வேடிக்கை

மும்பை மாட்டுங்காவுல இருந்து அம்மாவைக் கூட்டிட்டு ஜப்பான் போயிருந்தேன். ஷிமோனோசெக்கியில கைக்கியோ யுமே டவர். 1996-ல திறந்தது, உயரம் 153 மீட்டர். உச்சியில கண்ணாடி உருண்டை. பத்து நிமிஷம் போதும்னுதான் ஏறினோம். கீழ கன்மோன் நீரிணை: இந்தக் கரை ஹோன்ஷூ தீவு, எதிர்க்கரை கியூஷூ தீவு. குறுகலான இடத்துல சுமார் 650 மீட்டர்தான் அகலம். அதுக்குள்ள கன்டெய்னர் கப்பலும் மீன்படகும் உரசாத குறையாப் போகுது. நீரோட்டம் வேற நாளைக்கு நாலு தடவை திசை மாறுமாம். எதிர்நீர்ல மாட்டின சரக்குக் கப்பல் ஒண்ணு பாலத்துக்கிட்ட நகரவே இல்ல. "தாதர் ஸ்டேஷன்ல கூட்டம் இறங்குறப்ப நாம ஏறுற மாதிரி இருக்குடா"ன்னாங்க அம்மா. பைனாகுலரை வீட்டு அலமாரியிலயே வெச்சுட்டு வந்தது என் தப்பு. சாயங்காலமாப் போங்க. கரையெல்லாம் விளக்கு எரியற வரைக்கும் அம்மா லிஃப்ட் பக்கமே வரல.